வலி போனதும் பாரைத் தூக்காதீங்க! தோள்பட்டை ஸ்பெஷல் கேள்வி-பதில்

போன இதழ்ல முழங்கால் வலி பத்தி எழுதினேன், வந்த கடிதத்துல பாதிக்கு மேல தோள்பட்டை பத்தி இருக்கு. அதுலயும் பெரும்பாலும் ஜிம்ல வெயிட் தூக்கி வாங்கிக்கிட்ட வலி. சரி, இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். நான் பிசியோதெரபிஸ்ட்ங்கிறது உங்களுக்குத் தெரியும், ஆனா இதே தோள்பட்டைய வெயிட் தூக்கி கெடுத்துக்கிட்டவன்கிறத இது வரைக்கும் சொல்லல. இன்னைக்கு சொல்லிடுறேன், கீழ வருது.

சார், வயசு 27. பெஞ்ச் பிரஸ் (பெஞ்ச்ல மல்லாந்து படுத்து பாரை, அதாவது வெயிட் மாட்டின கம்பிய, நெஞ்சுக்கு மேல தள்ளுறது) 90 கிலோ போடும்போது வலது தோள்பட்டைல முன்பக்கமா சுருக்குன்னு ஒரு வலி. அஞ்சு வாரம் ஜிம் பக்கமே போகல, வலி சுத்தமா போயிடுச்சு. திரும்பப் போயி 80 கிலோ போட்டேன், மூணாவது நாளே பழைய வலி. இதே மாதிரி மூணு தடவ ஆச்சு. இன்னும் எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கணும்?

தம்பி, நீங்க எடுத்த ரெஸ்ட் கம்மி இல்ல, அதிகம்! கோவப்படாம முழுசா படிங்க.

தோள்பட்டை மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. கிண்ணம்னு பேருதான், உண்மையில அது ஒரு சின்ன தட்டு மாதிரிதான் இருக்கும், கால்ஃப் பந்த ஒரு சின்ன குச்சி மேல வெச்சிருப்பாங்கல்ல அந்த கணக்கு. அதனாலதான் கைய எல்லா பக்கமும் சுழட்ட முடியுது, அதனாலேயே அது சீக்கிரம் தகராறும் பண்ணுது. அந்தப் பந்து நழுவாம நடுவுல பிடிச்சு வெச்சிருக்கிறது நாலு சின்ன தசை, மொத்தமா ரொட்டேட்டர் கஃப்னு சொல்லுவாங்க. நெஞ்சுத் தசையும் வெளிய தெரியுற பெரிய ஷோல்டர் தசையும் பாரைத் தூக்குது, இந்த நாலும் உள்ள இருந்து பந்த பிடிச்சுக்குது. கண்ணாடில தெரியாத தசைங்கிறதால ஜிம்ல யாரும் இதுக்கு ஒரு செட் கூட ஒதுக்குறதில்ல.

உங்களுக்கு என்ன ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்னா, இந்த தசைகள எலும்போட கட்டுற டெண்டன் தாங்குற அளவுக்கு மேல லோடு விழுந்து எரிச்சலாகியிருக்கு. (நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது, காறை எலும்பு முடியுற இடத்துல இருக்கிற சின்ன மூட்டும் பெஞ்ச் போடுறவங்களுக்கு வலிக்கும், ஆனா அது தோளோட உச்சில ஒரு விரல வெச்சுக் காட்டுற மாதிரி வலிக்கும்.) ரெஸ்ட் எடுத்தா எரிச்சல் அடங்கும், வலி போகும். ஆனா டெண்டனுக்கு லோடே குடுக்காம அஞ்சு வாரம் சும்மா விட்டா அதோட தாங்குற சக்தியும் கூடவே இறங்கிடும். வலி போச்சேன்னு நீங்க நேரா 80 கிலோவுக்குப் போறீங்க, டெண்டன் அதுக்கு முன்னாடி இருந்ததவிட வீக்கா இருக்கு. அப்புறம் திரும்ப ரெஸ்ட், திரும்ப வீக். மூணு ரவுண்டு முடிச்சிட்டீங்க.

இப்ப என் கதை. எட்டு வருஷம் முன்னாடி, கழுத்துக்குப் பின்னாடி பாரை இறக்கித் தூக்குற பிரஸ் போட்டுக்கிட்டு இருந்தேன், வேண்டாம்னு நோயாளிங்ககிட்ட சொல்ற அதே எக்சர்சைஸ். ஒரு நாள் காலையில வார்ம் அப் பண்ணாம 60 கிலோ வெச்சேன். அப்ப பெருசா ஒண்ணும் தெரியல. மறுநாள் கார்ல உக்காந்து சீட் பெல்ட்டுக்கு கைய பின்னாடி கொண்டு போனேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அடுத்த ஒரு வாரம் சட்டைய எந்த கைல முதல்ல மாட்டணும்னு யோசிச்சு யோசிச்சு மாட்டினேன் (வலிக்கிற கைய முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது கடைசியா கழட்டணும், இது உங்களுக்கும் உதவும்). ஃபிரிட்ஜ்லேந்து 1 லிட்டர் பாட்டில கைய நீட்டி எடுக்க முடியல, அதே பாட்டில உடம்போட ஒட்டி வெச்சா தூக்க முடிஞ்சுது. கை நீள நீள தோள்பட்டைக்கு எவ்வளவு லோடு ஏறுதுன்னு புத்தகத்துல படிச்சது அன்னைக்குதான் உரைச்சுது.

நானும் உங்கள மாதிரியே ஒரு மாசம் சும்மா இருந்துட்டு திரும்பப் போயி அடி வாங்கினேன். அப்புறம்தான் எனக்கு நானே பேஷன்ட் ஆகி ஒழுங்கா ஆரம்பிச்சேன். அதையே சொல்றேன். முதல் ஒண்ணு ரெண்டு வாரம் அசையாத அழுத்தம்: சுவருக்குப் பக்கவாட்டுல நின்னு, முழங்கைய விலாவோட ஒட்டி 90 டிகிரி மடக்கி, புறங்கையால சுவத்த வெளிப்பக்கமா அழுத்தணும். கை அசையக் கூடாது, அழுத்தம் மட்டும். 30லேந்து 45 செகண்ட், நாலஞ்சு தடவ. முழு பலத்தையும் போடாதீங்க, பாதி போதும். இது பல பேருக்கு வலியக் கூட கொஞ்சம் குறைக்கும். அப்புறம் ரப்பர் பேண்ட். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு சின்ன துண்ட மடிச்சு வெச்சுக்கிட்டு கைய வெளிப்பக்கமா திருப்புறது, 15 ரெப்ஸ் (அதாவது 15 தடவ), இதே மாதிரி மூணு செட், திரும்பி வரும்போது மெதுவா மூணு எண்ணி வரணும். டப்புனு விட்டா பாதி பலன் போச்சு. இதோட ரோயிங் மாதிரி, அதாவது துடுப்பு போடுற மாதிரி, பின்பக்கம் இழுக்குறது எல்லாம் சேத்துக்குங்க, தோள்பட்டை எலும்ப பிடிச்சிருக்கிற தசைகளும் கூட வேலை செய்யணும். அதுக்கப்புறம் லேசான டம்பெல்ல பக்கவாட்டுல இல்லாம கொஞ்சம் முன்பக்கமா சாய்ச்சு, ஒரு 30 டிகிரி, கட்டை விரல் மேல பாக்குற மாதிரி தூக்குறது. நான் ஆரம்பிச்சது 1 கிலோ டம்பெல்ல, ரோஸ் கலர், ஜிம்ல ஒரு ஓரத்துல தூசி படிஞ்சு கிடந்தது. 60 கிலோ தள்ளினவன் அத எடுத்துக்கிட்டு நிக்கும்போது நாலு பேர் பாத்தாங்கதான். பத்தாவது ரெப்ல கை நடுங்குச்சு, அதுக்கப்புறம் வெக்கம் எல்லாம் போயிடுச்சு.

வலி எவ்வளவு வரலாம்? பத்துக்கு மூணு வரைக்கும் பரவால்ல. ஆனா மறுநாள் அதே நேரத்துக்கு பழைய நிலைக்கு வந்திருக்கணும். 24 மணி நேரம் தாண்டியும் கூடுதலா வலிச்சா, ராத்திரி தூக்கம் கெட்டா, நேத்து போட்டது ஜாஸ்தின்னு அர்த்தம், ஒரு படி இறங்குங்க, முழுசா நிறுத்தாதீங்க. ஒரு நோட்டு போட்டு தேதி, வெயிட், ரெப்ஸ், மறுநாள் வலி எழுதி வைங்க. நம்ம ஞாபகத்த நம்பக் கூடாது, அது எப்பவும் நமக்கு சாதகமா பொய் சொல்லும். குறைஞ்சது 12 வாரம் ஆகும்னு மனசுல வெச்சுக்குங்க.

எம்ஆர்ஐ எடுத்தேன், சுப்ராஸ்பைனேட்டஸ்ல பகுதி கிழிசல்னு ரிப்போர்ட். வயசு 44. கிழிஞ்சது தானா ஒட்டுமா, ஆபரேஷன்தான் வழியா? பயமா இருக்கு சார்.

ரிப்போர்ட்ல "கிழிசல்"னு பாத்ததும் யாருக்கும் வயித்தக் கலக்கும்தான். சுப்ராஸ்பைனேட்டஸ்ங்கிறது மேல சொன்ன ரொட்டேட்டர் கஃப்போட நாலு தசைல ஒண்ணு. ஒரு விஷயம் சொல்றேன். 1995ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, தோள்பட்டைல எந்த வலியும் இல்லாத 96 பேரைக் கூப்பிட்டு எம்ஆர்ஐ எடுத்தாங்க. 34 சதவீதம் பேருக்கு ரொட்டேட்டர் கஃப்ல கிழிசல், 60 வயசுக்கு மேல பாத்தா பாதிக்கும் மேல, 54 சதவீதம். இவங்க யாருக்கும் வலி இல்ல! அதாவது முடி நரைக்கிற மாதிரி டெண்டனும் வயசாக ஆக கொஞ்சம் நையும், அப்படி நைஞ்சதெல்லாம் வலிக்கணும்னு இல்ல. உங்க கிழிசல் இப்ப வந்த வலிக்கு காரணமா, இல்ல பத்து வருஷமா சும்மா அங்க உக்காந்திருக்கான்னு எம்ஆர்ஐ ஃபிலிம் சொல்லாது.

பகுதி கிழிசலுக்கு முதல்ல மூணு மாசமாவது ஒழுங்கான எக்சர்சைஸ், மேல சொன்ன பாதைதான். கிழிஞ்ச இடம் பழையபடி ஒட்டுதோ இல்லையோ, மிச்சம் இருக்கிறது பலமாகி வேலைய எடுத்துக்கும். ஆபரேஷன்னு சொல்லி எலும்ப கொஞ்சம் சீவி இடம் பண்ணி விடுறோம்னு சொன்னாங்கன்னா ரெண்டாவது கருத்து கேளுங்க. 1972ல சார்லஸ் நீர்னு ஒரு அமெரிக்க டாக்டர், மேல இருக்கிற எலும்பு டெண்டன உரசுறதாலதான் வலின்னு எழுதினார், அதுலேந்து பல வருஷம் உலகம் பூரா சீவித் தள்ளினாங்க. 2018ல பிரிட்டன்ல 300க்கு மேல ஆளுங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு குரூப்புக்கு நிஜமாவே சீவினாங்க, ஒரு குரூப்புக்கு உள்ள கேமராவ விட்டுப் பாத்துட்டு ஒண்ணும் பண்ணாம தையல் போட்டாங்க. ரெண்டு குரூப்புக்கும் வலி குறைஞ்சதுல வித்தியாசம் கிட்டத்தட்ட இல்ல. அதே வருஷம் ஃபின்லாந்துல பண்ண சோதனையும் இதத்தான் சொல்லுச்சு.

ஆனா ஒண்ணு, இது எல்லா கிழிசலுக்கும் பொருந்தாது. கீழ விழுந்தோ வெயிட் இழுத்தோ திடீர்னு முழுசா அறுந்து, அன்னைலேந்து கைய தூக்கவே முடியலன்னா அது வேற கதை. அதுக்கு சீக்கிரமா சர்ஜன பாக்கணும், தள்ளிப் போட்டா தசை சுருங்கி கொழுப்பு ஏறிடும், அப்புறம் தைக்கவும் கஷ்டம்.

என் பையனுக்கு 22 வயசு. நாலு நாள் முன்னாடி பெஞ்ச் போடும்போது "டப்"னு சத்தம் கேட்டுச்சாம். இப்ப அக்குள்லேந்து மேல் கை வரைக்கும் கருநீலமா கன்னிப் போயிருக்கு. "ரெண்டு நாள்ல சரியாயிடும்மா, ஷோல்டர் சுளுக்கு"ங்கிறான். டாக்டர்கிட்ட வர மாட்டேங்குறான். என்னங்க பண்றது?

அம்மா, கடிதம் கைக்கு வந்த அன்னைக்கே உங்களுக்கு பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காகத்தான் இங்க போடுறேன். இது சுளுக்கு மாதிரி தெரியல. நெஞ்சுத் தசையோட டெண்டன் மேல் கை எலும்புலேந்து பிய்ஞ்சிருக்கலாம், பெஞ்ச் பிரஸ்ல பார் நெஞ்சுக்கு இறங்கி வர்ற நேரத்துலதான் இது பெரும்பாலும் நடக்கும். கண்ணாடி முன்னாடி சட்டைய கழட்டிட்டு நிக்கச் சொல்லுங்க, ரெண்டு கையையும் இடுப்புல வெச்சு அழுத்தட்டும். அக்குளுக்கு முன்பக்கம் ஒரு தடிமனான மடிப்பு இருக்கும், அது ஒரு பக்கம் மெலிஞ்சோ காணாமயோ போயிருந்தா சந்தேகமே வேண்டாம். இந்த மாதிரி காயத்துக்கு வயசுப் பசங்களுக்கு பொதுவா ஆபரேஷன்தான், முதல் சில வாரத்துக்குள்ள பண்ணா நல்லா வரும், மாசக்கணக்குல விட்டா டெண்டன் சுருங்கி உள்ள ஒட்டிக்கும். சும்மா வலிக்குதுங்கிறதுக்கு நான் யாரையும் ஓட விடுறதில்ல, இதுக்கு ஓடுங்க. நீவி விடுறது, சூடு வெக்கிறது எதுவும் வேண்டாம்.

இதோட சேத்து இன்னும் ரெண்டு சொல்லிடுறேன். தோள் மூட்டு விலகி வடிவமே மாறியிருந்தா ஜிம் நண்பர்கள் இழுத்து உள்ள தள்ளக் கூடாது, பக்கத்துலயே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுது, அப்படியே துணியால தாங்கிக் கட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இடது தோள்பட்டை வலியோட நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சு வாங்குறது இருந்தா அது வெயிட் தூக்கினதால வந்த வலின்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, இதயமா இருக்கலாம்.

ராத்திரி படுத்தாதான் வலி உயிர் போகுது. எப்படிப் படுக்கிறது?

வலிக்கிற பக்கம் படுக்காதீங்கன்னு சொன்னா "அது தெரியும் சார்"னுவீங்க. நல்ல பக்கம் திரும்பிப் படுத்துட்டு நெஞ்சோட ஒரு தலையணைய கட்டிக்குங்க, வலிக்கிற கை அது மேல இருக்கணும், முன்பக்கம் தொங்கி விழக் கூடாது. மல்லாந்து படுத்தா முழங்கைக்கு அடியில ஒரு மடிச்ச துண்டு, மேல் கை உடம்பவிட தாழ்ந்து பின்னாடி போகாம இருக்கிறதுக்கு. கைய தலைக்கு மேல மடக்கி வெச்சு தூங்குற பழக்கம் இருந்தா அத கொஞ்ச நாளைக்கு விடுங்க.

ஐஸ் வெக்கணுமா, சூடு வெக்கணுமா? இன்னொண்ணு, ஒர்க் அவுட்டுக்கு முன்னாடி ஒரு வலி மாத்திரை போட்டுட்டுப் போனா நல்லா போகுது, தப்பா? டாக்டர் ஊசி போடலாம்னு வேற சொல்றார்.

மூணு கேள்விய ஒண்ணா கேட்டுட்டீங்க. ஐஸ் வலிய மரத்துப் போக வெக்கும், அவ்ளோதான், முதல் ஒண்ணு ரெண்டு நாள் 10-15 நிமிஷம் வெச்சா தப்பில்ல. ஓய்வு, ஐஸ், கட்டு, கைய உயர்த்தி வெக்கிறது, இதுங்களோட இங்கிலீஷ் முதல் எழுத்த சேர்த்து "ரைஸ்"னு 1978ல பேரு வெச்சவர் கேப் மிர்கின்ங்கிற அமெரிக்க டாக்டர், அவரே பின்னாடி ஐஸும் முழு ஓய்வும் ஆறுறத தள்ளிப் போடலாம்னு தன் கருத்த மாத்திக்கிட்டார். நாள்பட்ட வலிக்கு சூடு இதமா இருந்தா சூடு வைங்க. எது வெச்சாலும் டெண்டன் அதனால பலமாகாது.

மாத்திரை போட்டுட்டு வெயிட் தூக்குறது தப்பு, அதுல மாத்து கருத்தே இல்ல. மேல சொன்ன பத்துக்கு மூணு கணக்கு இருக்கே, அந்த மீட்டரையே ஆஃப் பண்ணிட்டு வண்டி ஓட்டுற வேலை அது. ராத்திரி தூங்க முடியலன்னு டாக்டர் சொல்லி போடுறது வேற.

ஊசிய பொறுத்த வரைக்கும், ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு நல்லா வலிய குறைக்கும், வலியால எக்சர்சைஸே பண்ண முடியாதவங்களுக்கு அந்த இடைவெளி உதவும். நீண்ட நாளைக்குன்னு பாத்தா பெரிய லாபம் இல்ல, திரும்பத் திரும்ப போட்டா டெண்டன் வீக்காகும். ஊசி போட்ட மறுநாள் "வலியே இல்ல!"ன்னு பார தூக்கிடாதீங்க, ரெண்டு வாரமாவது கனமான வெயிட் பக்கம் போகக் கூடாது. டாக்டர்கிட்ட நீங்க ஜிம் போறவர்னு முதல்லயே சொல்லுங்க, பல பேர் சொல்றதே இல்ல.

வயசு 48, சுகர் இருக்கு. டாக்டர் சொல்லித்தான் நாலு மாசம் முன்னாடி வெயிட் ட்ரெய்னிங் ஆரம்பிச்சேன். இடது தோள்பட்டை நாளுக்கு நாள் இறுகிக்கிட்டே போகுது, பின்னாடி கை கொண்டு போக முடியல. ட்ரெய்னர் "ஸ்ட்ரெச் பண்ணுங்க மேடம், இழுத்து விட்டா சரியாயிடும்"னு இழுக்குறார். உயிர் போகுது.

முதல்ல அவர இழுக்க வேண்டாம்னு சொல்லுங்க மேடம். ஒரு சின்ன டெஸ்ட்: முழங்கைய இடுப்போட ஒட்டி மடக்கிக்கிட்டு, கைய கதவு திறக்கிற மாதிரி வெளிப்பக்கம் திருப்புங்க, ரெண்டு கையையும் ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் வீட்ல யாராவது மெதுவா திருப்பிப் பாக்கட்டும். நீங்க திருப்பினாலும் போகல, அடுத்தவங்க திருப்பினாலும் அதே இடத்துல பூட்டு போட்ட மாதிரி நிக்குதுன்னா அது ஃப்ரோசன் ஷோல்டரா இருக்க வாய்ப்பு அதிகம். 40லேந்து 60 வயசுக்குள்ள, பெண்களுக்கும் சுகர் இருக்கிறவங்களுக்கும் இது கூடுதலா வரும். வெயிட் தூக்கினதுதான் காரணம்னு உங்கள நீங்களே திட்டிக்காதீங்க, தூக்காம இருந்திருந்தாலும் வந்திருக்கலாம்.

இது ரொட்டேட்டர் கஃப் பிரச்சனை மாதிரி இல்ல, மூட்டச் சுத்தி இருக்கிற உறையே வீங்கி தடிச்சு சுருங்குது. வலி அதிகமா இருக்கிற முதல் கட்டத்துல முரட்டுத்தனமா இழுத்தா இன்னும் எரிச்சலாகும். முன்னாடி குனிஞ்சு கைய தொங்க விட்டு ஊஞ்சல் மாதிரி மெதுவா ஆட்டுறது, வலி தாங்குற அளவுக்குள்ள ஒரு நாளைக்கு பல தடவ கொஞ்சம் கொஞ்சம், அவ்ளோதான். இந்த இடத்துல ஆரம்பத்துலயே போடுற ஸ்டீராய்டு ஊசிக்கு நல்ல பலன் உண்டு, ஆனா சில நாளைக்கு சுகர் ஏறும், அதனால உங்க சுகர் டாக்டருக்கும் தெரியணும். முழுசா சரியாக ஒரு வருஷத்துலேந்து மூணு வருஷம் வரைக்கும் கூட ஆகலாம். கால் எக்சர்சைஸ், நடை, நல்ல கையால பண்றது எதையும் நிறுத்தாதீங்க, உங்க சுகருக்கு அது வேணும்.

ரொட்டேட்டர் கஃப் தையல் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம். கை நல்லா தூக்க வருது, வலியும் இல்ல. எப்ப பெஞ்ச் பிரஸ் போடலாம்?

இப்ப இல்ல. வலி இல்லாததுதான் இப்ப உங்களுக்கு ஆபத்து. எலும்புல தச்சு வெச்ச டெண்டன் அங்க ஒழுங்கா வேர் பிடிக்க சுமார் 12 வாரம் ஆகும், அது வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கிறது நூல்தான். ஸ்லிங் (கைய கழுத்துல தாங்கி மாட்டுற கட்டு) 4லேந்து 6 வாரம், பலப்படுத்துற எக்சர்சைஸ் மூணாவது மாசத்துக்கு அப்புறம், கனமான வெயிட் ஆறு மாசத்துக்கு அப்புறம்தான், அதுவும் உங்க சர்ஜன் சரின்னு சொன்னா. கிழிசல் பெருசா இருந்திருந்தா இன்னும் தள்ளிப் போகும். சிகரெட் பழக்கம் இருந்தா இப்பவே விடுங்க, தச்ச இடம் ஒட்டுறத அது கெடுக்கும்.

திரும்ப வர்ற அன்னைக்கு தரைல படுத்து டம்பெல்ல தள்ளுற ஃப்ளோர் பிரஸ்லேந்து ஆரம்பிங்க, முழங்கை தரைல தட்டி நின்னுடுறதால தோள் ரொம்ப பின்னாடி போகாது. உள்ளங்கை ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்குற மாதிரி பிடிங்க. அப்புறம் பெஞ்ச், வெறும் பார் மட்டும், 20 கிலோ. முழங்கைய உடம்புக்கு நேர் குறுக்கா விரிக்காம ஒரு 45 டிகிரில வெச்சுக்குங்க, பிடி ரொம்ப அகலமா வேண்டாம், தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னாடி சேத்து பெஞ்ச்ல அழுத்திக்குங்க. பார ரேக்லேந்து எடுக்கும்போது தனியா கைய பின்னாடி நீட்டி எடுக்காதீங்க, ஸ்பாட்டர் (பக்கத்துல நின்னு உதவுறவர்) எடுத்துக் குடுக்கட்டும், பல பேருக்கு வலி வர்றதே அந்த ஒரு செகண்ட்லதான். கழுத்துக்குப் பின்னாடி பிரஸ், ரொம்ப ஆழமா இறங்குற டிப்ஸ், தாடை வரைக்கும் இழுக்குற அப்ரைட் ரோ, இந்த மூணும் உங்களுக்கு இனிமே தேவையே இல்ல. நானும் விட்டுட்டேன், ஒரு நஷ்டமும் இல்ல.

வலது கை ஸ்லிங்ல இருக்கு. இடது கைய மட்டும் ட்ரெய்ன் பண்ணா ஒரு பக்கம் மட்டும் பெருசாயி கோணலா தெரியாதா?

நல்லா பண்ணுங்க! ஒரு கைய ட்ரெய்ன் பண்ணும்போது சும்மா இருக்கிற கைக்கும் கொஞ்சம் பலம் போகுது, மூளைலேந்து வர்ற நரம்புக் கட்டளை ரெண்டு பக்கத்துக்கும் சேர்ந்து பழகுறதால. இத 1894லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. ஸ்லிங்ல இருக்கிற கை கரையுறதும் இதனால கொஞ்சம் குறையும். கோணலா தெரியுற அளவுக்கு ஆறு வாரத்துல யாருக்கும் கை வளராது, அப்படி வளர்ந்தா எனக்கும் அந்த ரகசியத்த எழுதி அனுப்புங்க.